புட்டி மட்டும் வந்தால் போதும்

நம் வயதில் ஆஸ்பத்திரிக் கோப்பு இல்லாதவர் யார்? என்னுடையதில் முதல் பக்கத்திலேயே, மூட்டு வலிக்கு முன்னால் ஒரு முறையும் சிறுநீரகத்துக்கு முன்னால் ஒரு முறையும், ஒரே சொல் எழுதியிருக்கிறது: கிரானிக். உங்களுடையதிலும் இருக்கும், எடுத்துப் பாருங்கள். டாக்டர் நிமிராமல் எழுதியிருப்பார். நாமும் அது என்ன என்று கேட்டிருக்க மாட்டோம்.

நான் கோயமுத்தூரில் ஒரு நாளிதழில் முப்பது வருடங்களுக்கு மேல் பிறர் எழுதியதைத் திருத்திக்கொண்டிருந்தவள். ஒரு சொல் தன் தலையில் ஏற்றிய சுமையைத் தாங்குமா என்று பார்ப்பதுதான் வேலை. எத்தனையோ சொற்களை அடித்திருக்கிறேன், மாற்றியிருக்கிறேன். இந்த ஒன்றைப் பார்த்தால் மட்டும் கை கொஞ்சம் நின்றுவிடும். ஆங்கிலத்தில் நான் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் சொற்களில் அது ஒன்று. சி-யில் தொடங்கி சி-யில் முடியும் ஏழெழுத்து. ஒரு மஞ்சள் அட்டையில், ஈரம் பட்டால் ஊதாவாகும் பென்சிலால் எழுதியிருந்தது. அந்தப் பென்சில் இப்போது எங்கும் கிடைப்பதில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது.

ஊட்டிக்கு அப்பால், மஞ்சூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டம். அணை வேலைக்கு வந்த லாரிகளெல்லாம் இறங்கிப் போய், ரோட்டில் பஸ் மட்டும் ஊர்ந்துகொண்டிருந்த காலம். அப்பா தோட்டத்து ஃபேக்டரியில், வறுபட்டு வந்த தேயிலையைச் சலித்து ரகம் பிரிக்கும் அறையில் வேலை செய்தார். சலிக்கும்போது தேயிலையிலிருந்து பஞ்சு மாதிரி ஒரு தூசு பறக்கும். இளம் பழுப்பு நிறம். அப்பா வீட்டுக்கு வரும்போது புருவத்திலும் காது மடலிலும் அது ஒட்டியிருக்கும். அந்த அறையில் வேலை செய்த எல்லோரும் இருமினார்கள். அப்பா கூடுதலாக இருமினார்.

வறட்டு இருமல்தான். மூன்று முறை சேர்ந்தாற்போல் வரும், நிற்கும், பிறகு ஒன்று தனியாக வரும். ஃபேக்டரி விட்டு அவர் மேட்டு வளைவு திரும்பும்போதே லயத்தில் கேட்கும். ஒரே கூரையின் கீழ் எட்டு வீடுகள் வரிசையாக இருந்த லயம் எங்களுடையது. அந்த இருமலைக் கேட்டு அம்மா அடுப்பில் வெந்நீர் வைப்பாள். பக்கத்து வீட்டு அத்தை தன் கோழிகளைக் கூப்பிடுவாள். அவள் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவள், எங்களுக்குச் சொந்தமில்லை. ஆனாலும் எங்கள் வீட்டு விஷயத்தில் அவளுக்கு ஓர் அபிப்பிராயம் இல்லாத நாள் கிடையாது.

"ஒங்கப்பாரு வர்றாரு புள்ள. மணி அஞ்சரை. இந்த லயத்துக்குக் கடியாரமே தேவல்ல," என்பாள்.

தோட்டத்தில் ஒரு மருந்துக்கூடம் இருந்தது. டாக்டர் மாதம் ஒரு தடவை வருவார். மற்ற நாளெல்லாம் கம்பவுண்டர்தான். உடம்புக்கு முடியாதவர்கள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் நேரத்திலேயே போய் அவர் முன் நிற்கவேண்டும். நாக்கு நீட்டி, முதுகு காட்டி, சீக்கு அட்டையில் எழுதி வாங்கி வர அரை நாள் போய்விடும். அடிக்கடி நிற்பவனை மேலே இருப்பவர்கள் கவனிப்பார்கள். அதற்குத்தான் எல்லோருக்கும் பயம். வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிட்டால் வேலையோடு லயத்து வீடும் போகும். எங்களுக்குக் கீழ்நாட்டில் நிலமோ வீடோ இல்லை. திரும்பிப் போக ஓர் இடம் இல்லாதவர்கள் எங்கள் லயத்தில் பாதிக்கு மேல்.

கம்பவுண்டர் ஒரு வழிமுறை வைத்திருந்தார். புது நோய்க்காரர்களுக்கு வெள்ளை அட்டை. வருடக்கணக்காக ஒரே தொல்லையோடு வருகிறவர்களுக்கு மஞ்சள் அட்டை. மஞ்சள் அட்டைக்காரர் நேரில் வர வேண்டியதில்லை. மருந்துப் புட்டியை வீட்டுப் பிள்ளை யாரிடமாவது கொடுத்தனுப்பினால், ஊற்றிக் கொடுத்துவிடுவார். கூட்டமும் குறைந்தது, ஆளுக்கு அரை நாளும் மிஞ்சியது. நல்ல ஏற்பாடு என்றுதான் தோட்டம் முழுவதும் பேச்சு.

அந்த வருடம் சித்திரையில் அப்பாவுக்கு மஞ்சள் அட்டை கிடைத்தது. நானும் உடன் போயிருந்தேன். கம்பவுண்டர் பென்சில் முனையை நாக்கில் தொட்டு எழுதினார். அவர் கீழுதட்டில் எப்போதும் ஓர் ஊதாப் புள்ளி இருக்கும்.

"என்ன எழுதியிருக்குதுங்க?" என்று அப்பா கேட்டார்.

"கிரானிக்னு எழுதியிருக்கேன். பழைய சீக்கு. நாள்பட்டது. பயப்பட ஒண்ணுமில்ல."

"இனி நான் வர வேண்டாமுங்களா?"

"நீங்க எதுக்கு? புட்டி மட்டும் வந்தா போதும். பாப்பாகிட்டக் கொடுத்து விடுங்க."

அப்பா அன்று திரும்பும் வழியில் மேட்டுக் கடையில் எனக்குப் பொரி உருண்டை வாங்கித் தந்தார். வீட்டில் அட்டையை அம்மாவிடம் நீட்டி, "பாரு, நம்ம இருமலு பர்மனெண்ட் ஆயிருச்சு. எனக்கு முன்னால அதுக்கு ஆர்டர் வந்துருச்சு," என்றார். அம்மா சிரித்தாள். அட்டையை சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். பழசு என்றால் பழகிவிட்டது, பழகியது கடிக்காது என்று நாங்கள் புரிந்துகொண்டோம். அப்படித்தான் அது படத்துக்குப் பின்னால் இடம் பிடித்தது.

புட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். முன்பு சீமைச் சாராயம் இருந்த தட்டைப் புட்டி. அதன் பக்கவாட்டில் கம்பவுண்டர் ஒரு காகிதத்தை மடித்து, ஓரங்களைக் கத்தரியால் வெட்டி ஒட்டியிருப்பார். பிரித்தால் ஏணி மாதிரி பற்கள் வரும். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. மருந்து பழுப்பு நிறம், அதிமதுரமும் நவச்சாரமும் கலந்த வாசனை. சனிக்கிழமை தோறும் நான் அதை வெந்நீரில் கழுவி, கவிழ்த்து வடித்து, கம்பளிப் பைக்குள் வைத்து எடுத்துப் போவேன். பள்ளிக்கூடம் இல்லாத நாள். ஒன்றரை மைல். தேயிலைச் செடிகளுக்கு இடையில் ஒற்றையடிப் பாதை, பிறகு ஓடை, பிறகு ஃபேக்டரிக்குப் பின்புறம்.

மருந்துக்கூடத்துச் சன்னலில் நடக்கும் பேச்சு எப்போதும் ஒன்றுதான்.

"அப்பா எப்படி இருக்காரு?"

"அப்படியேதானுங்க சார்."

அப்பா சொல்லிக் கொடுத்த பதில். "கேட்டா அப்படியேதான்னு சொல்லோணும் அம்முணி. அதிகமுன்னும் சொல்லாத, கொறைஞ்சதுன்னும் சொல்லாத. அதிகமுன்னா ஊட்டிப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிருவாங்க. அப்புறம் இந்த ஊடு நமக்கில்ல." நான் அதை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்திருந்தேன். சன்னலுக்குள்ளிருந்து ஊதாப் புள்ளி சிரிக்கும். புட்டி நிறைந்து வெளியே வரும்.

ஆனியில் மழை பிடித்தது. எங்கள் குந்தாப் பக்கத்து மழையை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. மூன்று மாதம் துணி காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டி, புகையில் காய்ந்த துணியைத்தான் உடுத்துவோம். பாவாடை, புத்தகம், சோறு எல்லாவற்றிலும் புகை வாசனை. அந்த மழையில்தான் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சூர்ச் சந்தைக்குப் போய்விட்டு, ஒரு சிவப்புத் துண்டோடு வந்தார். அதுவரை அவர் தோளில் வெள்ளைத் துண்டு தவிர வேறு பார்த்ததில்லை. மாதுளைப் பூ நிறம். எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

"ஏனுங்க, இந்த வயசுல சிவப்பா?" என்றாள் அம்மா.

"வெள்ளையில தேயிலைக் கறை போகமாட்டேங்குது. இது தாங்கும்."

பக்கத்து அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக் கோலமால்ல இருக்கு! பொண்ணு பாத்தாச்சா?" என்றாள். அப்பா சிரிக்கத் தொடங்கி, இருமி, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

துணி துவைக்க நானும் அம்மாவும் ஓடைக்குப் போவோம். அம்மா கல்லில் அடித்துக் கொடுப்பதை நான் அலசுவேன். முதல் தடவை அந்தத் துண்டை நீரில் விட்டபோது, அதிலிருந்து ஓர் இளஞ்சிவப்புக் கோடு கிளம்பி, பாசிக் கல்லைச் சுற்றிக்கொண்டு கீழே போனது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"அம்மா, செவப்பாப் போகுது."

"புதுத் துண்டு. சாயம் போகுது. நல்லா அலசு."

அடுத்த வாரமும் சாயம் போனது. அதற்கடுத்த வாரமும் போனது. ஆடி முழுதும் போனது. ஆவணியிலும் போனது. துண்டு வெளுக்கவே இல்லை. ஒரு துண்டில் எத்தனை வாரத்துச் சாயம் இருக்கும் என்று நான் கேட்கவில்லை. அம்மாவும் கேட்டதில்லை. நாங்கள் இருவரும் தலை குனிந்து, கல்லைச் சுற்றிப் போகும் அந்தக் கோட்டைப் பார்த்தபடி துவைத்தோம்.

முதலில் வேறு ஏதோ என்று சந்தேகப்பட்டவள் பக்கத்து அத்தைதான். அவள் துண்டைப் பார்க்கவில்லை, காதால் கண்டுபிடித்தாள். ஒரு சனிக்கிழமை நான் புட்டியோடு கிளம்பும்போது வாசலில் மறித்தாள்.

"நில்லு புள்ள. எங்க, மருந்துக்கா?"

"ஆமாங்கத்தை."

"சீக்கு புட்டிக்கா, ஒங்கப்பாருக்கா? ஆளைக் கூட்டிட்டுப் போகாம புட்டியக் கூட்டிட்டுப் போற."

"எங்களுக்கு மஞ்ச அட்டைங்க. புட்டி மட்டும் வந்தா போதும்."

"ஒங்க மஞ்ச அட்டையில தீய வைக்க. இருமல் மாறிப் போச்சி புள்ள. முந்தி கட்டை தட்டுற மாதிரிக் கேக்கும். இப்ப சகதியில கால் வாங்குற மாதிரிக் கேக்குது. கடியாரம் ரிப்பேரு. கம்பவுண்டரு கிட்டச் சொல்லு. நாஞ் சொன்னேன்னே சொல்லு."

சொல்வது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். ஓடை வரை அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். 'இருமல் மாறியிருக்குதுங்க சார்.' ஃபேக்டரிக்குப் பின்புறம் வந்தபோது, சலிப்பறைச் சன்னல் வழியாக அப்பா தெரிந்தார். என்னைப் பார்த்துக் கையாட்டினார். தோளில் அந்தச் சிவப்பு.

அன்று கம்பவுண்டர் வழக்கமான கேள்வியோடு நிறுத்தவில்லை. புட்டியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தபடி கேட்டார்.

"அப்பா எப்படி இருக்காரு?"

"அப்படியேதானுங்க சார்."

"சளியில ரத்தம் கித்தம் தெரியுதா?"

"இல்லீங்க."

பொய் சொன்னதாக எனக்கு அப்போது தோன்றவில்லை. நான் பார்த்தது சாயம். ஆனால் மாறிய இருமலைப் பற்றிச் சொல்ல வந்தேனே, அதை விழுங்கியது பொய்தான். அதை நான் அறிந்தே விழுங்கினேன். சன்னல் கட்டையைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீடும் அடுப்பும் கயிற்றில் தொங்கும் துணிகளும் அந்தக் கையில் இருப்பதாக நினைத்தேன்.

புரட்டாசியில் மழை விட்டது. ஒரு பிற்பகல், நல்ல வெயில். ஃபேக்டரியில் சலித்துக் குவித்த முதல் ரகத் தூளின் மேல் அப்பா குனிந்திருந்தபோது இருமல் வந்தது. துண்டை எடுக்க நேரம் கிடைக்கவில்லை. தேயிலைக் குவியல் மேலேயே ரத்தம் விழுந்தது. ஃபேக்டரிப் பொறுப்பாளர் ஓடி வந்து பார்த்துவிட்டு, அந்தக் குவியல் முழுவதையும் வெளியே கொட்டச் சொன்னார். அப்பாவைப் பிடித்து உட்கார வைத்தவர்கள் பிற்பாடு சொன்னது: அவர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "தூளு வீணாப் போச்சுங்களே, தூளு வீணாப் போச்சுங்களே," என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

தோட்டத்து லாரியில் ஊட்டிக்குக் கொண்டுபோனோம். அம்மா படத்துக்குப் பின்னாலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து ரவிக்கைக்குள் வைத்திருந்தாள். பெரியாஸ்பத்திரி டாக்டரிடம் அதை ஒரு சிபாரிசுக் கடிதம் மாதிரி நீட்டினாள். அவர் வாங்கிப் படித்தார். வியர்வையில் எழுத்து ஊதாவாகப் பரவியிருந்தது.

"இதை எழுதினவர் இவரைக் கடைசியா எப்பப் பாத்தார்?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் விரல் விட்டு மாதம் எண்ணத் தொடங்கினேன். சித்திரைக்குப் பிறகு அப்பாவை யாரும் பார்க்கவில்லை. அட்டையைப் பார்த்தார்கள், புட்டியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்.

"பழைய இருமல் பழைய இருமல்தாம்மா. தூசியில வந்தது," என்றார் டாக்டர். "இது வேற. அதுக்கு அடியில இந்த வருஷம் புதுசா வந்தது. காச நோய். இதுக்கு இப்ப மருந்து இருக்கு. ஆடியில வந்திருந்தாக்கூட…"

மருந்து இருக்கிறது என்பதுதான் அந்த வருடத்திலேயே நாங்கள் கேட்ட மிகக் கொடுமையான செய்தி. அப்பா மார்கழியைத் தாண்டவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் கம்பவுண்டர் லயத்துக்கு வந்தார். உள்ளே வராமல் வாசற்படியில் உட்கார்ந்தார். மோசமான மனிதர் அல்ல. எங்களுக்கு வீட்டைக் காலி செய்யும் உத்தரவு வராமல், அம்மாவைக் கொழுந்து பறிக்கும் வேலையில் போட்டு வீட்டை அவள் பேருக்கு மாற்ற மேலே சொல்லிப் போராடியவர் அவர்தான் என்று பிறகு தெரிந்தது. அன்று மாடத்தில் புட்டி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"நீ அப்படியேதான்னு சொன்னியே, பாப்பா."

குற்றம் சாட்டும் குரல் இல்லை. கணக்குத் தப்பிய ஒருவர் தனக்குள் கேட்டுக்கொள்வது மாதிரி. ஆனால் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். இத்தனை வருடங்களில் நான் திருத்திய வாக்கியங்களை எண்ண முடியாது. இந்த ஒன்றைத் திருத்த என்னால் ஆகவில்லை. நான்கு சொல், பிழையே இல்லாத வாக்கியம்.

நாளிதழில் சேர்ந்த புதிதில் ஒருநாள் ஓர் இளம் நிருபர் ஆங்கிலச் செய்தியொன்றை மொழிபெயர்த்து, 'கிரானிக்' வந்த இடத்தில் எல்லாம் 'தீராத நோய்' என்று போட்டிருந்தான். தலைமை உதவி ஆசிரியர் மேசைக்கு மேல் சத்தம் போட்டார். "தீராதுன்னு எங்கய்யா இருக்கு அதுல? நீரென்ன வைத்தியரா?" பிறகு அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "அகராதியைப் பாத்துப் போடும்மா," என்றார்.

பார்த்தேன். தடித்த அகராதி, மேசையை விட்டு வெளியே எடுத்துப்போக முடியாதது. காலம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. லத்தீன் வழியாக பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு. 'காலத்தைச் சேர்ந்தது', அவ்வளவுதான் அதன் வேர். அதற்கு எதிராக மருத்துவர்கள் நிறுத்தும் இன்னொரு சொல்லான 'அக்யூட்'டுக்கு வேர், கூர்மை. ஊசி முனை மாதிரி சட்டென்று குத்துவது ஒன்று, நாள்கணக்கில் உடன் இருப்பது மற்றொன்று. அந்தப் பத்தியில் இரண்டு தடவை தேடினேன். லேசானது என்று இல்லை. தீராதது என்றும் இல்லை. பழகியது, அடங்கியது, இனிப் பார்க்க வேண்டாதது என்று எங்கும் இல்லை. எவ்வளவு நாளாக என்பதை மட்டும் சொல்கிறது, என்ன ஆகும் என்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

கம்பவுண்டரின் மொழிபெயர்ப்பை அன்று மனத்துக்குள் வைத்துத் திருத்திப் பார்த்தேன். பழைய சீக்கு: சரி. நாள்பட்டது: மிகச் சரி, அதைவிட நல்ல தமிழ்ச் சொல் இன்றும் இல்லை. பயப்பட ஒண்ணுமில்ல: மூலத்தில் இல்லை. அவர் சேர்த்தது. நாங்கள் அந்த மூன்றாவதை மட்டும் கேட்டுக்கொண்டு பொரி உருண்டை தின்றோம். தாளில் 'நாள்பட்ட நோய்' என்று போட்டு அனுப்பிவிட்டு, குழாயடிக்குப் போய் வெகுநேரம் கை கழுவினேன்.

அம்மா எண்பது வயதுக்கு மேல் என்னோடு இருந்தாள். அவளிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்தச் சிவப்புத் துண்டு. அது சாயம்னு நீ நெசமாவே நெனச்சியா?"

அவள் கையிலிருந்த துணியின் நான்கு முனைகளையும் பொருத்தினாள். பிசிறில்லாமல் மடித்தாள்.

"புதுத் துண்டுன்னா சாயம் போகத்தானே செய்யும்," என்றாள்.

சாகும்வரை அவள் வீட்டில் சிவப்புத் துணி வாங்கியதில்லை.

இப்போது மகளோடு இருக்கிறேன். மாதத்துக்கு ஒரு முறை என் மாத்திரை அட்டைகளின் காலிக் கூடுகளை அவள் கைப்பையில் போட்டுக்கொண்டு போவாள். மருந்துக் கடைக்காரர் கூடுகளைப் பார்த்து அதே மாத்திரையைத் தருவார். நான் போக வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடு. போன வாரம் அவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே அவரோடு போனில் பேசினாள்.

"ஆமாங்க, அம்மாவுக்குத்தான். அதே மாத்திரைங்க… இல்லீங்க, புதுசா ஒண்ணுமில்ல. அப்படியேதான் இருக்காங்க."

பத்து நாளாக என் கணுக்கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. விரலால் அமுக்கினால் குழி விழுந்து, மெதுவாகத்தான் நிரம்புகிறது. மகளுக்கு ஆபீசில் வருடக் கடைசி, லீவு கிடைக்காது. அதனால் புடவையைக் கொஞ்சம் இறக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். தரையைத் தொடும் அளவுக்கு. நிறம்கூட யோசித்துத்தான் எடுத்திருந்தேன், அடர்ந்த நிறமாக.

"இரு," என்றேன். அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பிப் பார்த்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்து புடவையை முழங்கால் வரை தூக்கினேன்.